பந்திக்கு முந்தினால் சீட் கிடைக்குமா? அமெரிக்க மெடிக்கல் ஸ்கூல் நேர்காணலும் அதன் தேதியும்

செப்டம்பர் பிறந்தால் அமெரிக்காவில் சில தமிழ் வீடுகளில் ஒரு புலம்பல் ஆரம்பமாகும். "அவங்க பையனுக்கு இன்டர்வியூ வந்துடுச்சாம். நம்ம பொண்ணுக்கு இன்னும் ஒண்ணுமே வரலையே." அதே பெண்ணுக்கு டிசம்பரில் அழைப்பு வந்தால், சந்தோஷம் அரை நாள்தான். "இவ்வளவு லேட்டா கூப்பிடறாங்களே, சீட்டெல்லாம் முடிஞ்சிருக்குமோ?" என்று அடுத்த கவலை. ஜனவரி கடைசியில் வந்தால் ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

நேர்காணல் நடக்கும் மாதத்துக்கும் சீட் கிடைப்பதற்கும் நிஜமாகவே சம்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் வீட்டில் பேசிக்கொள்ளும் அளவுக்கு இல்லை, பேசிக்கொள்ளும் காரணமும் பெரும்பாலும் தப்பு. இந்த விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

நமக்கு இது குழப்பமாக இருப்பதற்குக் காரணம் நாம் வளர்ந்த முறை. தமிழ்நாட்டில் மருத்துவ சீட் என்றால் ஒரு மதிப்பெண், ஒரு தரவரிசைப் பட்டியல், ஒரு கலந்தாய்வு. முன்பு பிளஸ் டூ மதிப்பெண், இப்போது நீட். பட்டியலில் உங்கள் எண் 1,200 என்றால், உங்களுக்கு முன்னால் 1,199 பேர். விண்ணப்பத்தை முதல் நாள் போட்டாலும் கடைசி நாள் போட்டாலும் அந்த எண் மாறாது. (நம் ஊரிலும் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்காணல் மதிப்பெண் இருந்த காலம் உண்டு. அதை எதிர்த்துப் போன பெரியகருப்பன் வழக்கைச் சட்டம் படித்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அது தனிக் கதை.) அமெரிக்காவில் அப்படி ஒரே பட்டியல் கிடையாது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக விண்ணப்பத்தைப் படிக்கும், தனித்தனியாக நேர்காணலுக்குக் கூப்பிடும், தனித்தனியாக முடிவு செய்யும். அதுவும் ஒரே நாளில் இல்லை. ஏழெட்டு மாதம் இழுக்கும்.

முதலில் காலண்டரைப் பார்த்துவிடலாம். எம்.டி. பட்டம் (அமெரிக்காவில் பட்டப்படிப்பு முடித்துவிட்டுப் படிக்கும் அடிப்படை மருத்துவப் பட்டம்) தரும் பெரும்பாலான கல்லூரிகளுக்கு 'ஆம்காஸ்' என்ற பொது விண்ணப்பம்தான். மே மாதம் திறக்கும். மே கடைசி அல்லது ஜூன் ஆரம்பத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். சமர்ப்பித்த பிறகு, மாணவர் எழுதிய ஒவ்வொரு பாடத்தையும் கிரேடையும் கல்லூரிச் சான்றோடு வைத்துச் சரிபார்ப்பார்கள். கூட்டம் அதிகமான சமயத்தில் இதற்கே நாலு வாரம், ஆறு வாரம் கூட ஆகும். ஜூன் கடைசியில் விண்ணப்பங்கள் கல்லூரிகளுக்குப் போகத் தொடங்கும். அங்கிருந்து 'செகண்டரி' என்று இரண்டாவது கட்டக் கட்டுரைக் கேள்விகள் வரும். அதையும் எழுதி அனுப்பினால்தான் ஃபைல் முழுமையாகும். நேர்காணல்கள் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை ஓடும். முன்கூட்டியே ஒரே கல்லூரிக்கு மட்டும் போடும் 'ஏர்லி டிசிஷன்' ஆட்களை விட்டுவிட்டால், கல்லூரிகள் சீட் கொடுக்க ஆரம்பிக்கக்கூடிய முதல் நாள் அக்டோபர் 15.

இந்த அக்டோபர் 15ஐக் குறித்துக்கொள்ளுங்கள். நேர்காணல்கள் பாதிகூட முடியாத நிலையில் சீட் கொடுப்பது தொடங்கிவிடுகிறது. இதற்குத்தான் 'ரோலிங் அட்மிஷன்' என்று பெயர். எல்லோரையும் பார்த்துவிட்டு மொத்தமாக முடிவெடுப்பதில்லை. பார்க்கப் பார்க்க, கொடுக்கக் கொடுக்கப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

நம் கல்யாணப் பந்தி மாதிரிதான். மண்டபத்தில் ஐந்நூறு பேர், ஒரு பந்திக்கு நூறு இலை. முதல் பந்தியில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் கிடைக்கும், பாயசம் இரண்டாம் முறைகூட வரும். கடைசிப் பந்தியில் வடை இருக்குமா என்பது சமையல் மாஸ்டரின் கணக்கைப் பொறுத்தது. 'பந்திக்கு முந்து' என்று சும்மாவா சொன்னார்கள்? ரோலிங் முறையில் செப்டம்பர் நேர்காணல் முதல் பந்தி, பிப்ரவரி நேர்காணல் கடைசிப் பந்தி. எல்லோரும் புரிந்துகொள்வது இதுவரைதான். இதோடு நிறுத்திவிடுவதால்தான் வீட்டில் அவ்வளவு கவலை.

சமையல் மாஸ்டருக்கு ஐந்து பந்தி என்று தெரியும். வடை முழுவதையும் முதல் பந்திக்கே போட்டுத் தீர்க்க மாட்டார். சேர்க்கைக் குழுவும் அப்படித்தான். போன வருடம் ஜனவரியில் அருமையான ஆட்கள் வந்தார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். அதனால் ஆரம்பத்தில் கை இறுக்கமாகவே இருக்கும். மிகச் சிறந்தவர் என்று குழு முழுவதும் ஒத்துக்கொண்டால் உடனே சீட். தேறாதவர் என்றால் மறுப்பு. நடுவில் இருப்பவர்களை என்ன செய்வது? 'ஹோல்டு' என்று ஒரு ஓரமாக வைப்பார்கள். பின்னால் வருபவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். செப்டம்பரில் நேர்காணலுக்குப் போய்விட்டு மார்ச் வரை பதிலே வராமல் தவிக்கும் பிள்ளைகள் இந்த ஓரத்தில் இருப்பவர்கள்தான். முதல் பந்தியில் உட்கார்ந்தும் இலை காலி.

அப்புறம், முகூர்த்த நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே நாளில் மூன்று கல்யாணம் என்றால், மூன்றுக்கும் போய் மொய் எழுதிவிட்டு ஒரு இடத்தில்தான் சாப்பிடுவோம். இங்கும் ஒரு மாணவர் பதினைந்து, இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது சாதாரணம். கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஐந்து இடத்தில் சீட் வரும், சேரப்போவது ஒன்றில். இது கல்லூரிகளுக்குத் தெரியும். அதனால் 150 இடம் இருந்தால் 150 பேருக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிற்க மாட்டார்கள், அதைவிடக் கணிசமாகவே அதிகம் கொடுப்பார்கள். மார்ச் 15க்குள் குறைந்தபட்சம் இருக்கிற இடங்களின் எண்ணிக்கைக்காவது சீட் கொடுத்திருக்க வேண்டும் என்பது கல்லூரிகளுக்கான வழிகாட்டு விதி. ஏப்ரல் 30 வாக்கில் மாணவர்கள் கையிலிருப்பதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். அப்போது நிறைய இலைகள் காலியாகும். ஆக, பிப்ரவரியில் நேர்காணலுக்குப் போகிறவருக்கு "இடமே இல்லை" என்பது பெரும்பாலும் உண்மையில்லை. மிச்சமிருக்கும் இடம் குறைவு, அவ்வளவுதான். எவ்வளவு குறைவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி, வருடத்துக்கு வருடம் மாறும்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "செப்டம்பரில் நேர்காணல் முடித்தவர்களில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள், பிப்ரவரிக்காரர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட இல்லை" என்ற மாதிரி யாராவது சொன்னால், அது நிஜமாகவே இருக்கலாம். அதை வைத்து "தேதிதான் எல்லாம்" என்று முடிவுகட்டுவதுதான் தப்பு.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கல்லூரி செப்டம்பரில் 200 பேரை, பிப்ரவரியில் 200 பேரை நேர்காணல் செய்கிறது. தேதியைப் பற்றி அந்தக் குழுவுக்குத் துளியும் கவலையில்லை என்று வைத்துக்கொள்வோம். வலுவான மாணவர் என்றால் எந்த மாதம் வந்தாலும் பத்தில் ஏழு பேருக்குச் சீட். சுமாரான மாணவர் என்றால் எந்த மாதம் வந்தாலும் பத்தில் இரண்டு பேருக்கு. செப்டம்பர் கூட்டத்தில் வலுவானவர்கள் 140, சுமாரானவர்கள் 60. பிப்ரவரியில் வலுவானவர்கள் 40, சுமாரானவர்கள் 160.

செப்டம்பரில் சீட் வாங்குபவர்கள் 98ம் 12ம் சேர்ந்து 110. அதாவது 55 சதவீதம். பிப்ரவரியில் 28ம் 32ம் சேர்ந்து 60. அதாவது 30 சதவீதம். தேதிக்கு எந்தப் பங்கும் இல்லாத ஒரு கல்லூரியிலேயே இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது. காரணம், முதல் கூட்டத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான்.

முதல் கூட்டத்தில் வலுவானவர்கள் ஏன் அதிகம்? கல்லூரி அழைப்பு அனுப்பும்போதே தரம் பார்த்துத்தான் அனுப்புகிறது. எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வின் மதிப்பெண், கிரேடு, ஆராய்ச்சி, மருத்துவமனை அனுபவம் எல்லாம் பளிச்சென்று இருக்கிற ஃபைலை முதலில் கூப்பிடுவார்கள். யோசிக்க வேண்டிய ஃபைல் கீழே போகும், நவம்பரில் மறுபடி எடுக்கப்படும். இன்னொரு காரணம், ஜூன் முதல் வாரமே விண்ணப்பத்தைத் தயாராக வைத்திருக்கும் பிள்ளை பொதுவாக மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கும். கல்யாணத்தில் முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? சம்பந்தி வீட்டார், பெரிய மனிதர்கள். அவர்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் பாயசம் தேடி வந்திருக்கும்.

அதனால், சீக்கிரம் அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் "இவரை எங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்பதற்கு அடையாளம். தாமதமாக வருவதற்குப் பல காரணம் இருக்கலாம். ஃபைல் ஆகஸ்டில்தான் முழுமையாகியிருக்கலாம், சிபாரிசுக் கடிதம் ஒன்று தாமதமாகியிருக்கலாம், படிக்கும் ஆள் மெதுவானவராக இருக்கலாம். தேதிக்கென்று தனியாக ஒரு பாதிப்பு இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ரோலிங் கல்லூரிகளில், அதிலும் நடுத்தர ஃபைல்களுக்கு, அது உண்டு. பளிச்சென்ற ஃபைலுக்கு எந்த மாதமும் ஒன்றுதான். நடுவில் இருக்கும் ஃபைலுக்குத்தான், இலை நிறைய இருக்கும்போது வருவதும் பத்து இலை மிச்சமிருக்கும்போது வருவதும் வேறு வேறு.

இதில் எல்லாக் கல்லூரியும் ஒன்றில்லை. ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூல் ரோலிங் முறையில் போவதில்லை. எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு மார்ச்சில் மொத்தமாகச் சொல்வது அவர்கள் வழக்கம். அங்கே செப்டம்பரில் போனாலும் ஜனவரியில் போனாலும் முடிவு வரும் நாள் ஒன்றே. ஐந்நூறு பேரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கிற மண்டபம் அது. டி.ஓ. என்ற இன்னொரு வகை மருத்துவர் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் இதற்கு நேரெதிர். பலவற்றில் நேர்காணல் முடிந்த சில வாரங்களிலேயே முடிவு வந்துவிடும். அங்கே முந்துவதற்கு மதிப்பு அதிகம். பல் மருத்துவக் கல்லூரிகளும் ரோலிங்தான், ஆனால் அவற்றுக்கான முதல் தேதி டிசம்பரில்.

டெக்சாஸ் தனி ராஜ்யம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடம் கிடையாது, விண்ணப்பமும் வேறு. டெக்சாஸ்வாசிகளுக்கு அக்டோபர் 15லிருந்தே 'ப்ரீ-மேட்ச்' என்று சீட் கொடுக்கத் தொடங்குவார்கள். அது ரோலிங் மாதிரி. மிச்சமுள்ள இடங்களுக்கு பிப்ரவரியில் 'மேட்ச்'. மாணவர் தனக்குப் பிடித்த கல்லூரிகளை வரிசைப்படுத்துவார், கல்லூரி மாணவர்களை வரிசைப்படுத்தும், கணினி இரண்டையும் பொருத்தும். இந்த இரண்டாம் பாதியில் நேர்காணல் எந்த மாதம் நடந்தது என்பதற்கு வேலையே இல்லை. நம்மவர்கள் நிறையப் பேர் ஹூஸ்டன், டாலஸ் பக்கம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். டெக்சாஸ் அண்ணன் சொன்ன அறிவுரை நியூ ஜெர்சி தம்பிக்கு அப்படியே பொருந்தாது.

எம்.பி.ஏ.வில் கணக்கு இன்னும் வேறு. அங்கே 'ரவுண்டு' முறை. செப்டம்பர் வாக்கில் முதல் ரவுண்டு, ஜனவரியில் இரண்டாவது, வசந்த காலத்தில் மூன்றாவது. ஒரு ரவுண்டுக்குள் உங்கள் நேர்காணல் முதல் வாரமா கடைசி வாரமா என்பது பெரிய விஷயமில்லை. எந்த ரவுண்டு என்பதுதான் விஷயம். மூன்றாவது ரவுண்டுக்குள் இடங்கள் பெரும்பாலும் நிரம்பியிருக்கும்.

சரி, மாதத்தை விடுங்கள். நாள், மணி? இதில் கொஞ்சம் வேடிக்கையான ஆராய்ச்சிகள் உண்டு. கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 2004 முதல் 2009 வரை மருத்துவப் படிப்பு நேர்காணலுக்கு வந்த 2,926 பேரின் மதிப்பெண்களை எடுத்து, அன்றைய வானிலையோடு ஒப்பிட்டார்கள் ரெடல்மயர், பேக்ஸ்டர் என்ற இருவர். மழை நாளில் வந்தவர்களுக்குச் சராசரியாக 1 சதவீதம் போலக் குறைவு. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் நேர்காணல் மதிப்பெண்கள் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால், எம்கேட் தேர்வில் 10 சதவீதம் குறைந்ததற்கு அது சமம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். இத்தனைக்கும் டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணக் கல்லூரிகளில் ரோலிங் கிடையாது, மே மாதம் ஒரே நாளில்தான் முதல் சுற்று முடிவுகள் வரும். முந்தியதற்குப் பலன் இல்லாத இடத்திலும் மேகம் வந்து குறுக்கே நிற்கிறது.

இன்னொன்று எம்.பி.ஏ. நேர்காணல்கள் பற்றியது, 2013ல் வெளிவந்தது. பத்து வருடத்தில் நடந்த 9,000க்கும் மேற்பட்ட நேர்காணல்கள். ஒருவர் காலையிலிருந்து மூன்று நாலு பேருக்குத் தொடர்ந்து நல்ல மதிப்பெண் போட்டிருந்தால், அடுத்து வருபவருக்குக் கை கொஞ்சம் இறுகுகிறது. "எல்லோருக்குமே நல்லா போட்டா எப்படி?" என்று மனம் உறுத்துமாம். ஒப்பிட வேண்டியது வருடம் முழுக்க வரும் கூட்டத்தோடு. ஆனால் மனிதர்கள் அன்றைய நாலு பேரோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள். பரீட்சைப் பேப்பர் கட்டைத் திருத்திய எந்த வாத்தியாரைக் கேட்டாலும் இதை ஒத்துக்கொள்வார்.

இதைப் படித்துவிட்டு வானிலை அறிக்கை பார்த்து நாள் குறிக்க ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார், அன்று மழையா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை. கல்லூரிகளுக்கும் இந்தப் பலவீனம் தெரியும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கி இன்று பல இடங்களில் இருக்கும் 'எம்.எம்.ஐ.' முறையில் ஒரே ஆளிடம் முக்கால் மணி நேரம் பேசுவதில்லை. சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறு ஆள். ஒருவருடைய சோர்வோ எரிச்சலோ மொத்த மதிப்பெண்ணைக் கவிழ்த்துவிடாது.

கையில் இருப்பது என்ன என்று பார்த்தால், எல்லாம் நேர்காணலுக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது. எம்கேட் எழுதி மதிப்பெண் வர ஒரு மாதம் ஆகும், ஆகவே ஏப்ரல் அல்லது அதற்கு முன்பே எழுதிவிடுவது நிம்மதி. சிபாரிசுக் கடிதம் கேட்டுப் பேராசிரியரிடம் குளிர்காலத்திலேயே போய் நிற்க வேண்டும், மே மாதம் போனால் அவர் ஊரில் இருக்க மாட்டார். விண்ணப்பம் ஜூன் முதல் பாதியில் போய்விட வேண்டும். செகண்டரி கேள்விகளில் பல வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை, முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் வந்த இரண்டு வாரத்துக்குள் திருப்பி அனுப்பலாம். பல கல்லூரிகள் கடைசித் தேதி அக்டோபர், நவம்பர் என்று போட்டிருக்கும். அதை நம்பி உட்கார்ந்தால், பாத்திரம் கழுவ ஆரம்பித்த நேரத்தில் மண்டபத்துக்குள் நுழைந்த கதைதான். நேர்காணல் தேதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய மாதம் ஜூன். அக்டோபரில் படும் கவலைக்குப் பயன் இல்லை.

அவசரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பாதி வெந்த கட்டுரையோடு ஜூன் 1ல் அனுப்புவதைவிட, நன்றாகத் திருத்தி ஜூன் 20ல் அனுப்புவது மேல். எம்கேட் மதிப்பெண் சரியில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, இடையில் வேலையோ ஆராய்ச்சியோ செய்துவிட்டுப் போடலாம். 'கேப் இயர்' என்றதும் நம் வீடுகளில் யாரோ படிப்பை நிறுத்திவிட்டது போல அழுவார்கள். அமெரிக்காவில் அப்படி இடைவெளி விட்டுச் சேர்வது இப்போது மிகவும் சகஜம்.

அழைப்பு வந்து, மூன்று நாலு தேதிகள் கொடுத்து "எதுவேண்டுமோ எடுத்துக்கொள்" என்றால்? ரோலிங் கல்லூரி என்றால் முன்னால் உள்ளதை எடுப்பது நல்லது. ஒரே விதிவிலக்கு, இதுதான் உங்கள் முதல் நேர்காணல், அதுவும் மனதுக்கு மிகவும் பிடித்த கல்லூரி என்றால். இரண்டு வாரம் தள்ளி வைத்துக்கொண்டு, வேறு கல்லூரியில் ஒருமுறை வாய் பழகிவிட்டுப் போனால் ஒன்றும் குடிமுழுகாது. இரண்டு வாரத்தில் பந்தி முடிந்துவிடாது, உளறினால் மட்டும் திருத்த முடியாது. இப்போது பல நேர்காணல்கள் வீடியோவில் நடப்பதால் விமானச் செலவுக்காகத் தேதிகளைச் சேர்த்து வைக்க வேண்டிய தொல்லை குறைந்துவிட்டது. மேற்குக் கரையில் இருப்பவர்கள் மட்டும் நேர வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கே காலை ஒன்பது மணி என்றால் கலிபோர்னியாவில் ஆறு.

கல்லூரி எந்த வகை என்று தெரியவில்லையா? நேர்காணல் நாளிலேயே கேட்கலாம், தப்பாக நினைக்க மாட்டார்கள். "உங்கள் குழு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கூடும், முடிவு எப்போது எதிர்பார்க்கலாம்?" என்று கேட்டால் போதும். வாரா வாரம் கூடுகிறோம் என்றால் ரோலிங். மார்ச்சில் சொல்வோம் என்றால், மார்ச் வரை நிம்மதியாகத் தூங்கலாம், போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

எம்.டி. கல்லூரிகளுக்கு வருடத்துக்கு 50,000 பேருக்கு மேல் விண்ணப்பிக்கிறார்கள், சேர்பவர்கள் 23,000 பேர் அளவில். இந்த 23,000 பேரில் ஒரு பகுதியினர் பிப்ரவரி, மார்ச்சில் நேர்காணல் முடித்து, வெயிட்லிஸ்டில் உட்கார்ந்து, ஏப்ரல் 30 தாண்டி மற்றவர்கள் இலையை விட்டு எழுந்த பிறகு கூப்பிடப்பட்டவர்கள். சிலருக்கு அந்த போன் ஜூலையில் வரும், வேறு ஊரில் வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு.